முப்பது மயில்கள்

அலோர் காஜா வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கலைச் செயல்திட்டங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கக் கண்டோம். பள்ளியின் பெயர் வேண்டா. யாரையும் நோகச் செய்வது நம் நோக்கமன்று. முப்பது மயில்கள். முப்பதும் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி, ஒரே அளவில் தோகை விரித்து நின்றன. இயங்கலையில் அகப்பட்ட படமொன்றை அச்சிட்டுக் கொடுத்து, வண்ணம் தீட்டச் செய்து, அதைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் செயல்திட்டம் நிறைவேறியதாம்! பெற்றோர் கைதட்டினர். நமக்கோ கை எழவில்லை. செம்பனைக் காட்டோரத்தில் மைனாவையும் கொக்கையும் நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளை, தான் பாராத மயிலுக்குப் பிறர் போட்ட கோட்டுக்குள் நீலம் பூசுவதற்குக் கலைக்கல்வி என்று பெயரா?

செயல்திட்டம் என்னும் சொல்லை இன்று எல்லோரும் உச்சரிக்கிறார்கள். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கில்பாட்ரிக் என்னும் கல்வியாளர் இம்முறையை விளக்கி எழுதியபோது, அதற்கு உயிராக அவர் வைத்தது பிள்ளையின் சொந்த நோக்கத்தை. பிள்ளைக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். அதன் விடையைத் தேடித் தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். செய்ததைப் பிறர்முன் வைத்துப் பேச வேண்டும். ஆசிரியர் கேள்வியைத் தந்து, கணினி விடையைத் தந்து, தாயார் இரவு பதினொரு மணிவரை கத்தரித்து ஒட்டித் தந்தால், பிள்ளைக்கு அதில் என்ன மிச்சம்?

இயங்கலைக் கருவிகளைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவற்றைக் கண்டு அஞ்சுவோரோடு நமக்கு உறவில்லை. ஆனால் கருவியை முன்னிறுத்திப் பேசுவோர் ஒரு சங்கதியை மறந்துவிடுகிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் அடைபட்டபோது, கல்வி அமைச்சு எடுத்த கணக்கிலேயே 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று வெளிவந்தது. கருவி இருந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒரு கைப்பேசிதான். அந்த ஒன்றும் தகப்பனாரின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆகையால் பிள்ளைக்கு ஒரு கருவி என்று கற்பனை செய்து வகுக்கும் பாடம் நம் பிள்ளைகளுக்கு வகுத்ததாகாது. வகுப்புக்கு ஒரு கைப்பேசி, அதுவும் ஆசிரியருடையது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அதுவே தாராளமாகப் போதும்.

எப்படிப் போதும் என்பீர்கள். கோலத்தை எடுத்துக்கொள்வோம். (சடங்காயிற்றே என்று முகஞ்சுளிக்கும் தோழர்களுக்கு: நாம் பார்ப்பது புள்ளியையும் கோட்டையும்தான்.) ஆசிரியர் முதல் வாரம் படம் எதையும் காட்டக்கூடாது. "உங்கள் வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர் யார்? அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?" என்று மட்டும் கேட்டு அனுப்ப வேண்டும். பாட்டி லயத்து வாசலில் போட்ட கோலம், தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகு எங்கே போயிற்று என்பது அப்பிள்ளையின் வாயிலாகவே வகுப்புக்கு வரும். சில வீட்டு வாசலில் கடையில் வாங்கி ஒட்டிய பிளாஸ்டிக் கோலம் இருக்கும், அதையும் சொல்லட்டும். அச்சடித்த மயிலுக்கும் அதற்கும் அண்ணன் தம்பி உறவு! அடுத்த வாரம் தரையில் சுண்ணக்கட்டி கொண்டு நேர்ப்புள்ளியும் இடைப்புள்ளியும் வைத்து, கோட்டைப் புள்ளிக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோகப் பழகட்டும். கோணலாகும், ஆகட்டும். எட்டு வயதுக் கை கோணலாகத்தான் தொடங்கும்.

கருவிக்கு வேலை இதன் பிறகே. போட்ட கோலங்களை ஆசிரியர் படம் பிடித்து, அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தில், மற்றப் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து காணும்படி வைக்கலாம். பூலாவ் செபாங்குப் பிள்ளைகளின் கோலத்தை அலோர் காஜாப் பிள்ளைகள் பார்ப்பார்கள். துரியான் துங்காலிலிருந்து இன்னொன்று வரும். "எங்கள் பாட்டி இந்த இடத்தில் கோட்டை வேறுவிதமாகத் திருப்புவார்" என்று ஒரு குழந்தை சொல்லுமானால், அந்த ஒரு சொல்லுக்காக இணையத்துக்குக் கட்டும் காசு தகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி முதலானோர் 1970-களில் கோலத்தின் ஒழுங்கைக் கணிதமாகவே ஆராய்ந்தார்கள். நம் பாட்டிமார் விரலில் இருந்தது அத்தகைய பொருள்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பவர் உண்டு. நேரம் இருந்தது, அதைத் திருடியவர் நாம். கலைப் பாட வேளையைக் கணக்குக்கும் கட்டுரைக்கும் எடுத்துக்கொள்வது பல்லாண்டுப் பழக்கம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு வருகிறதே என்பது அன்றைய சாக்கு. அத்தேர்வு 2021-இல் ஒழிந்தது. அதற்கு முன்னரே, 2019-இல், முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகளை அமைச்சு நீக்கிவிட்டது. சாக்குப் போன பின்னும் திருட்டு நிற்கவில்லை என்றால், குற்றம் தேர்வின்மேல் இல்லை. கூலிக்காரன் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் போதும், அழகு எதற்கு என்று தோட்டத் துரை நினைத்தான். அந்த நினைப்பை இன்று நாமே சுமந்துகொண்டிருக்கிறோம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை குழுவில் பிள்ளையின் படம் வந்தால், கைதட்டும் குறியைத் தட்டுமுன் பிள்ளையைக் கூப்பிட்டு, இதை ஏன் இப்படி வரைந்தாய் என்று கேளுங்கள். "ஆசிரியர் கொடுத்தார்" என்று மட்டும் பதில் வருமானால், மறுநாளே பள்ளிக்குப் போய் மரியாதையாக விசாரியுங்கள். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.