மேய்ச்சலை நிறுத்தினால் நிலம் பிழைக்குமா?

ஆடுமாடு வாய் வைத்த நிலம் பாழாகும், அவற்றை விரட்டி வேலி போட்டால் தானாகத் தேறிவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கால்நடைகளைக் கொட்டிலில் கட்டித் தீவனம் போட்டால் சூழலுக்குக் கேடில்லை என்பது இதன் மறுபாதி. இரண்டும் தவறு. ஒரு புல்வெளி தழைப்பதும் தேய்வதும் எத்தனை தலை மேய்கிறது, எத்தனை நாள் மேய்கிறது, பிறகு நிலத்துக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்ற கணக்கைப் பொறுத்தது.

ராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் சதுப்பு நிலம் இந்த எண்ணத்தின் விலையைக் காட்டியது. சுற்றுவட்டக் கிராமங்களின் எருமைகள் அங்கே நெடுங்காலமாக மேய்ந்துவந்தன. தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டபின் 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஆனால் பறவைகளுக்கு எதிர்பார்த்த நன்மை வரவில்லை. எருமைகள் தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த நீர்ப்புல் கட்டுமீறி வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது, மீன்வளம் குறைந்தது. அங்கே நீண்டகாலம் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், எருமை மேய்ச்சல் அந்த நிலத்துக்கு நன்மையே செய்தது என்ற முடிவுக்கு வந்தது. பின்னர் புல்லை அறுத்துக்கொள்ளக் கிராமத்தாரையே அனுமதிக்க வேண்டியதாயிற்று.

மேய்த்தும் நிலத்தைக் காக்கும் முறைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் மழை குறைந்த மேட்டுநிலத்தில், பாசனமே இல்லாமல் நிற்பவை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல். படலைத் திறந்து மாடுகளை விடுவார்கள். அவை மேய்ந்து மிச்சம் வைத்ததை ஆடுகள் மேயும். புல் தேய்ந்ததும் மந்தை அடுத்த காட்டுக்கு மாறும். கோடையில் புல் காயும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகிறது. அதன் விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது.

இந்த ஒழுங்கின் உயிர்நாடி புல்லின் தூரில் இருக்கிறது. நாலைந்து விரல் உயரம் மிச்சமிருந்தால், ஒரு மழையில் தூர் மறுபடி துளிர்க்கும். தரையோடு தரையாகக் கரண்டிவிட்டால், வேரில் சேர்ந்திருக்கும் சத்தைச் செலவழித்துத்தான் துளிர்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் வேர் சுருங்கும், தூர் சாகும், மழைநீர் வெற்று மண்ணை அரித்துக்கொண்டு போகும். கொறங்காட்டுக்கு உரியவர் தம் புல்லைத் தாமே கண்காணிக்கிறார். படலைச் சாத்தும் நாளை அவரே முடிவு செய்கிறார். யாருக்கும் பொறுப்பில்லாத புறம்போக்கில் அந்த முடிவை எடுக்க ஆளில்லை. மேய்ச்சல் நிலங்கள் ஆக்கிரமிப்பிலும் மனைப்பிரிவுகளிலும் சுருங்கச் சுருங்க, அதே மந்தை எஞ்சிய துண்டில் நெருக்கியடிக்கிறது. அந்தச் சீரழிவைக் கண்டு ஆட்டைப் பழிப்பது காரணத்தை விட்டு விளைவைத் தண்டிப்பதாகும்.

அமேசான் காட்டை அழித்து மாட்டுப்பண்ணை அமைப்பது முற்றிலும் வேறு விஷயம். அங்கே மேய்ச்சல் நிலமே காட்டின் பிணத்தின்மேல் உருவாகிறது. அந்த இறைச்சியைக் குறைப்பதே வழி. அந்தக் குற்றத்தை மழை குறைந்த மேட்டுநிலத்தின் ஆட்டுக்காரர் தலையில் சுமத்துவது அநீதி.

கொட்டில் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. செரிக்க எளிதான தீவனம் தின்று நிறையக் கறக்கும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு வெளியிடும் மீத்தேன் குறைவு. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மாட்டின் வாயோடு நின்றுவிடுகிறது. கொட்டிலுக்கு வரும் கம்பு நேப்பியர் புல்லுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் யூரியாவும் வேண்டும். மக்காச்சோளமும் புண்ணாக்கும் வயலிலிருந்து லாரியில் வர வேண்டும். வெயிலில் சிதறி விழும் சாணம் காற்றோட்டத்தில் காய்வதால் மீத்தேன் மிகக் குறைவு. குழியில் நீரோடு தேங்கும் சாணம் அதைப் பன்மடங்கு வெளியிடுகிறது. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டுக்கிடை போட்டால் எருவை ஏற்றிச் செல்ல வண்டியே வேண்டாம்; ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று உழவர்கள் சொல்வது சும்மா இல்லை.

எதிர்த்திசையிலும் மிகை இருக்கிறது. சரியாக மேய்த்தால் மண் கரியை உறிஞ்சி மொத்த மாசையும் ஈடுகட்டிவிடும் என்று சிலர் முழங்குகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, மிக நல்ல சூழலிலும் மேய்ச்சல் கால்நடைகளின் வெளியீட்டில் 20 முதல் 60 விழுக்காடுவரைதான் மண்ணால் ஈடுசெய்ய முடியும் என்றது. அதுவும் சில பத்தாண்டுகளில் மண் நிறைந்து நின்றுவிடும்.

ஆகவே பாதிப்பைக் குறைக்கும் வேலை மந்தையோடும் நிலத்தோடும் சேர்ந்தே நடக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் காலத்தில் கிடைத்தால் குட்டிச் சாவு குறைந்து, குறைவான தலைகளே அதே வருமானத்தைத் தரும். மழைக்குப்பின் புல் விதை விடும்வரை ஒரு பகுதியை மூடிவைப்பது, சீமைக் கருவேலக் காய் முற்றும் காலத்தில், அதன் விதை பரவாதிருக்க, அதைத் தின்ற மந்தையை நல்ல புல்வெளிக்குள் விடாதிருப்பது ஆகியவை செலவில்லாத ஏற்பாடுகள். இவற்றைச் செய்ய மேய்ப்பவருக்கு நிலத்தின்மீது உறுதியான உரிமை வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில் காட்டுப் பட்டிகளை நம்பியே ஒரு நாட்டு மாட்டினம் வாழ்கிறது. எந்தப் பட்டியில் எத்தனை மாடு, எந்த மாதங்களில், எந்தச் சரிவுக்கு ஓய்வு என்பதை அந்த ஊர்க் கிராம சபையும் வனத்துறையும் உட்கார்ந்து எழுதிவைக்க அதே வன உரிமைச் சட்டம் இடம் தருகிறது.