சைக்கிள் பயிற்சிக்குக் கொடுத்த பெயர் எங்கெல்லாம் போகிறது?

இங்கிலாந்தில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பையில் ஏதாவது ஒரு பருவத்தில் அந்தப் படிவம் வந்து சேரும். சாலையில் பாதுகாப்பாக சைக்கிள் ஓட்டப் பயிற்சி தரப்போகிறோம், சம்மதமா என்று கேட்கும் படிவம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பெற்றோரின் கைப்பேசி எண், அவசரத்துக்கு அழைக்க இன்னொரு எண், ஆஸ்துமா, வலிப்பு, காது கேளாமை போன்ற குறைபாடுகள், கற்றலில் சிறப்புத் தேவை உண்டா, புகைப்படம் எடுக்கலாமா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். சில கவுன்சில்களின் படிவங்களில் இனப் பின்னணியையும் கேட்பதுண்டு.

இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அங்கு குடியேறிய நம்மவர்களின் வீடுகளில் இந்தப் படிவத்துக்கு இரண்டு விதமான வரவேற்பு கிடைக்கிறது. ஒரு சாரார் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?" என்று சந்தேகப்பட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முதல் சாராருக்கு இழப்பு ஏற்படுமா என்பது பிறகுதான் தெரியும். இரண்டாம் சாராரின் பிள்ளைக்கு இழப்பு உடனடியானது. வகுப்பே சாலையில் சைக்கிள் பழகும் நாளில் அது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும். எனவே அந்தத் தகவல்கள் எங்கே போகின்றன, எவ்வளவு காலம் இருக்கின்றன, சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பயிற்சியின் பெயர் பைக்கபிலிட்டி. பழைய 'சைக்கிளிங் புரொபிஷியன்சி' தேர்வின் இடத்தில் 2007ஆம் ஆண்டு வந்தது. முதல் நிலை பள்ளி மைதானத்தில், இரண்டாம் நிலை நெரிசல் குறைந்த தெருக்களில், மூன்றாம் நிலை வாகனங்கள் அதிகமுள்ள சாலைகளில் நடக்கிறது. பணம் பெரும்பாலும் மத்திய அரசின் போக்குவரத்துத் துறையிலிருந்து வருகிறது. ஆனால் ஊர் ஊராக அதை நடத்திக் கொடுப்பதில் உள்ளாட்சிக் கவுன்சில்களின் பங்கு பெரிது. கவுன்சிலும் பல இடங்களில் தானே நடத்துவதில்லை, தனியார் பயிற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆக, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் விவரம் பள்ளி அலுவலகம், கவுன்சிலின் சாலைப் பாதுகாப்புப் பிரிவு, ஒப்பந்த நிறுவனம், கடைசியாகப் பயிற்சியாளரின் கைப்பை என்று நான்கு இடங்களைத் தொட்டுச் செல்கிறது. இந்தச் சங்கிலிதான் விஷயத்தின் மையம்.

எந்த அதிகாரத்தில் கவுன்சில் இதைக் கேட்கிறது? 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சாலைப் பாதுகாப்பை வளர்க்கும் திட்டங்களைத் தயாரித்து நடத்துவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியிருக்கிறது. சாலையைப் பயன்படுத்துவோருக்குச் செய்முறைப் பயிற்சி அளிப்பதும் அதில் அடங்கும். எனவே தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில், பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் வைத்துக்கொள்வதற்குக் கவுன்சில் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் 'பொதுப்பணி' என்பதுதான். பெற்றோரின் சம்மதம் அந்த ஆதாரம் அல்ல.

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். "சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டோமே" என்பார்கள். அந்தக் கையெழுத்து, பிள்ளை சாலைக்குப் போவதற்கான சம்மதம். தகவலைக் கையாள்வதற்கான சம்மதம் வேறு. ஒரே தாளில் இரண்டும் கலந்துவிடுவதால் குழப்பம் வருகிறது. அதிகாரம் உள்ள அரசு அமைப்பின் முன் சாதாரணக் குடிமகன் தரும் சம்மதம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்ற கேள்வி இருப்பதால், பொது அமைப்புகள் சம்மதத்தை ஆதாரமாகக் கொள்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதே பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத்தின் நிலைப்பாடு. நமக்கு இது சரியாகவே படுகிறது. சம்மதம் என்ற பெயரில் ஒரு கையெழுத்தை வாங்கிவிட்டுப் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டுவதைவிட, இது எங்கள் கடமை, அதற்கு நாங்களே பதில் சொல்கிறோம் என்று கவுன்சில் ஏற்றுக்கொள்வது நேர்மையானது. ஆனால் அதன் விளைவையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுப்பணி என்ற ஆதாரத்தில் வைத்திருக்கும் தகவலை நினைத்த நேரத்தில் அழிக்கச் சொல்லும் உரிமை கிடையாது. ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. கவுன்சில் அதற்குக் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.

புகைப்படம் மட்டும் இதில் சேராது. பிரசுரத்திலோ சமூக வலைதளத்திலோ பிள்ளையின் படத்தைப் போடுவது சாலைப் பாதுகாப்புக்கு அவசியமில்லை. அதற்குத் தனியாக, உண்மையான சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொன்னதற்காகப் பயிற்சியில் இடம் மறுக்கக் கூடாது. ஆம் என்று சொன்னவர் பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறவும் செய்யலாம். படிவத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி இட்டிருந்தால் அது சட்டப்படி சம்மதமே ஆகாது.

உடல்நலத் தகவலுக்கு வருவோம். சட்டம் இதைச் சிறப்பு வகைத் தகவலாக வைத்திருக்கிறது. இனம், மதம் ஆகியவையும் அதே பட்டியலில்தான் உள்ளன. கூடுதல் காரணம் இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது. சைக்கிள் பயிற்சியில் அந்தக் காரணம் வெளிப்படையாக இருக்கிறது. ஒரு சிறு குழுவைத் தெருவுக்கு அழைத்துச் செல்லும் பயிற்சியாளருக்கு, எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு வரும், எதற்குச் சர்க்கரை தாழும், பின்னால் வரும் வாகனத்தின் ஓசை எதற்குக் கேட்காது என்பது தெரிந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதுபோல் ஆபத்தான காரியம் வேறில்லை. நம்மவர்களில் சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு வலிப்பு இருந்தால், அதை எழுதத் தயங்குகிறார்கள். நாளைக்குத் திருமணப் பேச்சில் யாராவது கிளறுவார்களோ என்ற அச்சம் அவர்களைப் பத்து வயதிலேயே ஆட்டுகிறது. அந்த அச்சத்தைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளையைச் சாலையில் பணயம் வைக்க முடியாது. பயிற்சியாளரைத் தவிர வேறு யார் இதைப் பார்ப்பார்கள், முடிந்த பிறகு தாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதுவதே வழி.

அந்தக் கேள்வி அற்பமானதல்ல. தகவல் கசிவு என்றதும் நாம் ஹேக்கர்களை நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் தகவல் ஆணையரிடம் பதிவாகும் சம்பவங்களில் தவறான ஆளுக்குப் போன மின்னஞ்சல் எப்போதும் முன்னணியில் இருக்கும். பயிற்சியாளரின் கைப்பையில் முப்பது பிள்ளைகளின் பெயர், நோய், பெற்றோரின் எண் எல்லாம் அச்சிட்ட ஒரே தாள் இருக்கிறது என்றால், அது மழையில் நனைந்து பூங்கா பெஞ்சில் கிடப்பதற்கு ஹேக்கர் தேவையில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் மீது பழி போட்டுக் கவுன்சில் தப்பிக்கவும் முடியாது. தன் சார்பில் தகவலைக் கையாளும் நிறுவனத்தோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும், கவுன்சிலின் கட்டளைக்குள் மட்டுமே அது செயல்பட வேண்டும் என்பது சட்டம்.

இனப் பின்னணியைக் கேட்கும் கட்டத்தில்தான் சந்தேகம் உச்சத்துக்குப் போகிறது. அதற்குக் கவுன்சில் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொது அமைப்புகளுக்குச் சமத்துவக் கடமையை விதித்திருக்கிறது. எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரவில்லை என்று தெரியாமல் அவர்களை வரவழைக்க வழி தேட முடியாது. நம் பெண் பிள்ளைகள் குறைவாக வருகிறார்கள் என்றால் அது பதிவாவது நமக்கும் நல்லதுதான். ஆனால் அதற்கு எண்ணிக்கை போதும், பெயரோடு சேர்ந்த இனம் தேவையில்லை. பெயரில்லாத தனிச் சீட்டில் கேட்டாலே காரியம் முடிந்துவிடும். தேவைக்கு மேல் கேட்காதே என்பது அதே சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று என்பதைக் கவுன்சில்களுக்கு நாம் நினைவுபடுத்தலாம்.

பெற்றோரின் அச்சம் வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. 2016 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பள்ளிக் கணக்கெடுப்பில் மாணவர்களின் குடியுரிமை நாடும் பிறந்த நாடும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. சில பள்ளிகள் வெள்ளையரல்லாத பிள்ளைகளிடம் மட்டும் கேட்டதாகவும், கடவுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. அதே ஆண்டு இறுதியில், கல்வித் துறைக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது வெளியானது. குடியேற்ற நடவடிக்கைக்காக மாதம் 1,500 பிள்ளைகள் வரை விவரம் கேட்க அது இடம் கொடுத்தது. பெற்றோரும் உரிமை அமைப்புகளும் புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். 2018இல் அந்த இரு கேள்விகளும் கைவிடப்பட்டன. இதைப் பார்த்த ஒரு தாய் பள்ளியிலிருந்து வரும் எந்தப் படிவத்தையும் ஐயத்தோடு புரட்டினால் அவரைக் குறை சொல்வது எப்படி?

இன்னொன்றும் உண்டு. 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களின் கல்விப் பதிவுகள் கொண்ட அரசுத் தரவுத்தளத்தில் 2 கோடியே 80 லட்சம் பேர் வரை இருந்தார்கள். பயிற்சி நிறுவனம் என்ற முறையில் அதற்குள் நுழைய அனுமதி பெற்ற ஒரு நிறுவனம், அந்தப் பதிவுகளை வைத்து வயது சரிபார்க்கும் சேவையை நடத்தியது. அந்தச் சேவையின் பயனாளிகளில் சூதாட்ட நிறுவனங்களும் அடக்கம்! 2022 நவம்பரில் தகவல் ஆணையர் கல்வித் துறையைக் கண்டித்தார். அபராதம் விதித்திருந்தால் அது 1 கோடி பவுண்டுக்கு மேல் போயிருக்கும். பொதுத்துறைக்கு அபராதம் போட்டால் மக்கள் பணம்தானே போகிறது என்ற கொள்கையால் கண்டனத்தோடு நின்றது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கொள்கை. ஆனால் கண்டனக் கடிதம் வந்தால் யாருடைய தூக்கம் கெடும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இவ்விரண்டு சம்பவங்களிலும் தகவல் திரட்டப்பட்ட நோக்கம் கல்வி என்றே சொல்லப்பட்டது. இடையில் வந்த கைகள்தான் அதை வேறு பக்கம் திருப்பின. சைக்கிள் பயிற்சியில் நாம் பார்க்க வேண்டியதும் அந்த இடைக் கைகளைத்தான்.

அதே வேளையில் ஒன்றை மிகைப்படுத்தவும் கூடாது. பள்ளிக் கணக்கெடுப்பு நாடு முழுவதற்கும் ஒரே தரவுத்தளத்தில் பெயரோடு சேர்வது. சைக்கிள் பயிற்சிப் பட்டியல் ஒரு கவுன்சிலோடு நிற்பது. நிதி தரும் மத்திய அமைப்புக்கு வேண்டியது எத்தனை பேர் எந்த நிலையை முடித்தார்கள் என்ற எண்ணிக்கைதான். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிக் காவல்துறையோ குடியேற்றத் துறையோ கேட்டால் கொடுக்கச் சட்டத்தில் விதிவிலக்குகள் இருப்பது உண்மை. குடியேற்ற விதிவிலக்கைப் பொறுத்தவரை, போதிய பாதுகாப்புகள் இல்லை என்று 2021இலும், திருத்திய பிறகு 2023இலும் நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் முகவரி வேண்டுமென்றால் அரசுக்கு அதைவிடச் சுலபமான வழிகள் பல உள்ளன, சைக்கிள் படிவத்தைத் தேடி வர வேண்டியதில்லை. எனவே இந்தப் படிவத்தைப் புறக்கணிப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம், பிள்ளை இழப்பதோ சாலையில் உயிர் காக்கும் பழக்கம் என்பதே நம் கணிப்பு.

கவுன்சில்கள் மீதுள்ள குறை வேறிடத்தில் இருக்கிறது. படிவத்தோடு தர வேண்டிய தனியுரிமை அறிவிப்பு எளிய, தெளிவான மொழியில், சுருக்கமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல அறிவிப்புகள் 'எங்கள் பங்காளி அமைப்புகளோடு பகிரலாம்', 'தேவைப்படும் காலம் வரை வைத்திருப்போம்' என்று மழுப்புகின்றன. எந்த அமைப்பு? எந்தக் காலம்? ஆங்கிலம் தடுமாறும் தாய்க்கு அதை வாசித்துச் சொல்வது அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான் என்பதையும் எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

காலத்தைப் பற்றி ஒரு விளக்கம் அவசியம். பயிற்சியில் விபத்து நடந்து காயம் ஏற்பட்டால், பிள்ளைக்கு 18 வயது ஆன பிறகே மூன்றாண்டுக் காலவரம்பு ஓடத் தொடங்கும். ஆகவே விபத்துப் பதிவை 21 வயது வரை வைத்திருப்பது நியாயம். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு. கட்டணம் வாங்கியிருந்தால் கணக்குத் தணிக்கைக்காகச் சில ஆண்டுகள் ரசீதை வைத்திருக்கலாம். ஆனால் எந்த அசம்பாவிதமும் இல்லாமல் முடிந்த பயிற்சியின் மருத்துவக் குறிப்பை ரசீதோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே கெடுவைக் குறிப்பது சோம்பேறித்தனம்.

இடையில் ஒன்று. அங்கே பள்ளிவாசல்களை ஒட்டி நடக்கும் மாலை நேர மக்தபுகளும் இதே விவரங்களைத்தான் வாங்குகின்றன. பெயர், ஒவ்வாமை, தந்தையின் எண், போதாததற்கு ஆண்டுவிழாப் படங்கள். கவுன்சிலைக் கட்டுப்படுத்தும் அதே சட்டம் மக்தபையும் கட்டுப்படுத்துகிறது. பெற்றோர் கொடுத்தது அமானிதம் என்பது அங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம். வாட்ஸ்அப் குழுவில் வருகைப் பட்டியலைப் போடும் உஸ்தாதுமார்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

படிவம் கையில் இருக்கும் பெற்றோர் செய்யக்கூடியது எளிது. தனியுரிமை அறிவிப்பு இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்கலாம். பயிற்சி நடத்துவது கவுன்சிலா, தனியார் நிறுவனமா, மருத்துவக் குறிப்பு எப்போது அழிக்கப்படும் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். ஒவ்வொரு கவுன்சிலிலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பது கட்டாயம், அவரிடமே கேட்கலாம். பிள்ளையைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் நகல் தர வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பலாக இருக்கிறது என்றால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் பதியலாம். அதற்கும் கட்டணம் இல்லை.