பிள்ளை என்ன, பட்டா நிலமா?

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு குடும்பம் முறிகிறது என்றால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே யோசனை வந்துவிடும்: "முதல்ல புள்ளைய உன் கைக்கு எடுத்துக்க. புள்ள யார்கிட்ட இருக்கோ, கேஸ் அவங்க பக்கம்." பெண் வீட்டிலும் இதே பேச்சு, மாப்பிள்ளை வீட்டிலும் இதே பேச்சு. ஆந்திராவின் நகரியிலோ பெங்களூரிலோ ஒரு சொந்தக்காரர் வீடு கிடைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. எல்லை தாண்டிவிட்டால் நம்மூர் கோர்ட் ஒன்றும் செய்ய முடியாதாம்.

இது நிலத் தகராறில் ஊறிய புத்தி. பன்னிரண்டு வருஷம் உழுது அனுபவித்தால் வயல் நம் பக்கம் சாயலாம். பிள்ளைக்கு அந்தக் கணக்கு கிடையாது. 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம், 9ஆம் பிரிவு, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த மாவட்டக் கோர்ட்டில்தான் மனு போடச் சொல்கிறது. உத்திரமேரூரில் படித்த பிள்ளையைப் போன மாதம் நகரிக்குத் தூக்கிப் போனதால் அது நகரிக்காரப் பிள்ளை ஆகிவிடாது. அமெரிக்காவிலிருந்து ஹைதராபாத்துக்குப் பிள்ளைகளோடு வந்து, வந்த வேகத்தில் மனு போட்ட ஒரு தாயின் வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 2012இல் இங்கிலாந்திலிருந்து இரண்டு மகள்களோடு கோயம்புத்தூர் வந்த தாய், அங்கே விவாகரத்து மனுவும் முந்திப் போட்டார். பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு மேல் அவரிடமே இருந்தார்கள். ஊர்க் கணக்குப்படி ஜெயித்திருக்க வேண்டும். 2015இல் உச்ச நீதிமன்றம், இங்கிலாந்து நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் வழிமுறையை 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை: எந்தக் கோர்ட் முந்தியது என்பது கேள்வியில்லை, பிள்ளையின் நலன் எது என்பதே கேள்வி என்றது. இப்படி மாறிய பிறகும், பிள்ளையைக் கையில் வைத்திருப்பதே உரிமை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஊர்ப்பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைப்பானேன். வழக்கு இழுக்கும். இழுக்க இழுக்கப் பிள்ளை புது ஊருக்குப் பழகும், பழகியதைப் பிடுங்க நீதிபதி தயங்குவார். தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நம்பி நிற்பது இந்தத் தாமதத்தைத்தான். அதற்குள் பிள்ளை தெலுங்கு எழுத்தோ கன்னட எழுத்தோ புதிதாகப் பழகி, ஒரு வகுப்பு பின்தங்கி, அப்பாவையோ அம்மாவையோ பெயர் சொல்லிக் கேட்கவும் பயந்துபோகும். பராந்தக சோழன் காலத்திலேயே தேர்தல் விதியைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர்; பிள்ளை விஷயத்துக்கு மட்டும் டீக்கடைச் சட்டம் போதும் என்கிறது.

அடி தாங்காமல் பிள்ளையோடு ஓடுகிற பெண்ணை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

வேலைக்காகவோ தாய்வீட்டுக்கோ வெளிமாநிலம் போக வேண்டியவர்கள், விவாகரத்து மனு நடக்கும் அதே கோர்ட்டில், இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் முன்கூட்டியே கேட்கலாம். எந்த ஊர், எந்தப் பள்ளி, லீவில் யார் வீடு, போன் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தால் நீதிபதிக்கும் பிடிப்பு இருக்கும். பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றவர் தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்படி முறையாகக் கேட்கிறவளையும் "ஓடுகாலி" என்றுதான் பேசுவார்கள், அது வேறு கதை.

"அப்பன் கையெழுத்து இல்லாம டி.சி. தர மாட்டாங்க, எங்க போயிடுவ?" என்ற மிரட்டலும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு வரை, வெளிமாநிலமானாலும், அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவது பிள்ளையின் உரிமை. டி.சி. வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. டி.சி. தரத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீதுதான் ஒழுங்கு நடவடிக்கை.