பச்சை பட்டனை அமுக்காதீங்க அத்தை! விளம்பரத் தொல்லை இல்லாத டோரன்ட் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த இளைஞர் அப்போதுதான் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை. தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மருமகனே, கம்ப்யூட்டரைத் திறந்தாலே விளம்பரமா வருதுப்பா. மூலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு. கூகுள்ல தேடினா வேற ஏதோ பக்கம் வருது."

"நேத்து எதையாவது டவுன்லோடு பண்ணீங்களா அத்தை?"

"திருப்பாவைக்குப் பழைய உரைப் புத்தகம் ரெண்டு நெட்டுல இருக்குன்னு சொன்னாங்க. இறக்க ஆரம்பிச்சா பாதியில கரன்ட் போகுது. மறுபடியும் முதல்லேருந்து. டோரன்ட்ல இறக்கினா விட்ட இடத்துலேருந்து வரும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். தேடிப் பார்த்தேன். பச்சைக் கலர்ல பெருசா டவுன்லோடுன்னு இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"சரி, பேங்க் வேலை எதையும் அந்த கம்ப்யூட்டர்ல பார்க்காதீங்க. நான் கிளம்பி வர்றேன்."

பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால், அவர் அவசரமாகக் கிளம்பியதற்குக் காரணம் விளம்பரம் மட்டும் அல்ல. அத்தையின் பென்ஷன் ஆவணங்கள், பேங்க் கணக்கு, மகளின் கல்யாண போட்டோக்கள் எல்லாமே அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. பல வீடுகளில் இதுதான் நிலைமை. எதை இன்ஸ்டால் செய்கிறோம் என்பதில் அசட்டையாக இருந்தால், போவது சாஃப்ட்வேர் மட்டும் அல்ல.

முதலில் வீட்டைப் பெருக்குவோம்

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாகப் பார்த்தது. முந்தைய நாள் தேதியில் ஒன்றல்ல, நான்கு புதிய பெயர்கள். டோரன்ட் சாஃப்ட்வேரோடு, கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒன்று, பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு. நான்கையும் நீக்கினார்.

அடுத்து பிரவுசர். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் பழையபடி மாற்றினார். நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருந்த தளங்களை நீக்கினார். மூலையில் வந்த விளம்பரங்களில் பாதி அதோடு நின்றது. பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரில் முழு ஸ்கேன். பேங்க் பாஸ்வேர்டை அத்தையின் போனிலிருந்து மாற்றச் சொன்னார். சந்தேகத்துக்கு உரிய கம்ப்யூட்டரிலேயே புது பாஸ்வேர்டை டைப் செய்வது, திருடன் முன்னால் சாவியை மாற்றுவது மாதிரி.

ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தை கேட்டார். "அப்போ டோரன்ட்னாலே ஆபத்தாப்பா?"

இல்லை. டோரன்ட் என்பது ஒரு முறை, அவ்வளவுதான். அமெரிக்காவைச் சேர்ந்த பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கியது. பரீட்சைக்கு முன்னால் நூறு பக்க நோட்ஸ் ஒருவரிடம் மட்டும் இருந்தால், வகுப்பு முழுக்க அவர் வீட்டு வாசலில் நிற்கும். ஆளுக்குப் பத்துப் பக்கம் வாங்கி, அவரவரிடம் இருப்பதை மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் கொடுத்தால் எல்லோருக்கும் சீக்கிரம் கிடைத்துவிடும். டோரன்ட்டும் அப்படித்தான். ஒரு ஃபைல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. வந்த ஒவ்வொரு துண்டும் சரியானதுதானா என்று சோதிக்கப்படுகிறது. அதனால்தான் கரன்ட் போனாலும், வந்த துண்டுகள் அப்படியே இருக்கும். மீதி மட்டும் பிறகு வரும்.

இந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேருக்குத்தான் டோரன்ட் கிளையன்ட் என்று பெயர். பிரச்னை தொடங்குவது அங்கேதான்.

விளம்பரம் எப்படி உள்ளே வந்தது?

டோரன்ட் என்றதும் பலரும் சொல்லும் பெயர் யூடோரன்ட். சுவீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் 2005-ல் வெளியிட்டபோது, அது ஒரு எம்.பி-கூட இல்லாத குட்டி சாஃப்ட்வேர். பழைய கம்ப்யூட்டரிலும் சுமையில்லாமல் ஓடியதால் உலகம் முழுக்கப் பரவியது. 2006 டிசம்பரில் அதை பிட்டோரன்ட் நிறுவனம் வாங்கியது. 2012-ல் இலவசப் பதிப்புக்குள் விளம்பரங்கள் வந்தன.

2015 மார்ச்சில் பெரிய சர்ச்சை கிளம்பியது. யூடோரன்ட்டோடு 'எபிக் ஸ்கேல்' என்ற இன்னொரு சாஃப்ட்வேரும் சேர்ந்து வந்துவிட்டதாகப் பயனாளர்கள் புகார் சொன்னார்கள். கம்ப்யூட்டரின் திறனைப் பயன்படுத்தி கிரிப்டோகரன்சி உருவாக்கும் சாஃப்ட்வேர் அது. அனுமதி கேட்காமல் அது இன்ஸ்டால் ஆகாது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனாலும், எதிர்ப்புக்குப் பிறகு அதைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது.

யோசித்துப் பாருங்கள். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கும் அவசரத்தில் ஒரு டிக் மார்க்கைக் கவனிக்காமல் விட்டால், நம் வீட்டு மின்சாரத்தில் வேறு யாருக்கோ வருமானம்!

2018-ல் இன்னொன்று. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி, யூடோரன்ட்டில் இருந்த ஓட்டை ஒன்றை வெளிப்படுத்தினார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு கெட்ட இணையதளத்தைத் திறந்தால்கூட, அந்தத் தளம் டோரன்ட் சாஃப்ட்வேருக்குக் கட்டளை கொடுக்கும் வாய்ப்பு இருந்தது. பிறகு அது சரிசெய்யப்பட்டது. இன்றும் யூடோரன்ட் இலவசப் பதிப்பு விளம்பரத்தோடுதான் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் பணம் கட்ட வேண்டும்.

எனவே, எந்த இலவச சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இதைக் கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

அப்போ எதைப் போடலாம்?

வீட்டு கம்ப்யூட்டருக்கு முதல் தேர்வாக க்யூபிட்டோரன்ட்டைச் சொல்லலாம். பிரான்ஸில் மாணவராக இருந்த கிறிஸ்டோஃப் டூமே 2006-ல் தொடங்கியது. இப்போது தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் இல்லை, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சாஃப்ட்வேரும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இப்போதைய பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் டிரான்ஸ்மிஷன். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களிடம் ரொம்பப் பிரபலம். விண்டோஸுக்கும் உண்டு. மூன்றாவதாக டெலூஜ். தேவைப்படும் வசதிகளைப் பிளக்-இன்களாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றும் ஓப்பன் சோர்ஸ். அதாவது, சாஃப்ட்வேர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். சமையலறையைத் திறந்து வைத்திருக்கும் ஹோட்டல் மாதிரி.

அதற்காக ஓப்பன் சோர்ஸ் என்றாலே குறையே இருக்காது என்று அர்த்தம் இல்லை. க்யூபிட்டோரன்ட்டில், தான் பேசும் இணையதளம் அசல்தானா என்று சரிபார்க்காத ஒரு குறை 2010 முதல் இருந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 5.0.1 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. 14 வருடம்! பாடம் ஒன்றுதான்: நல்ல சாஃப்ட்வேரைப் போட்டால் மட்டும் போதாது, அப்டேட் வரும்போது தள்ளிப்போடக் கூடாது.

அசல் கடை எது?

பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர்களுக்குத் தெரியும். ஒரே மாதிரி போர்டு பல கடைகளில் இருக்கும். இணையத்திலும் அப்படித்தான். க்யூபிட்டோரன்ட்டின் அதிகாரபூர்வ முகவரி 'டாட் ஆர்க்' என்று முடியும். அதே பெயரில் 'டாட் காம்' என்று முடியும் தளம் தங்களுடையது அல்ல என்று அந்தக் குழுவினரே எச்சரித்திருக்கிறார்கள். அத்தை செய்தது போல, தேடியதும் மேலே வருவதைச் சொடுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. தேடலில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கும்.

அசல் தளத்துக்கே ஆபத்து வந்ததும் உண்டு. 2016 மார்ச்சில், டிரான்ஸ்மிஷனின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், மேக் கம்ப்யூட்டருக்கான 2.90 பதிப்பில் 'கீரேஞ்சர்' என்ற மால்வேரைக் கலந்துவிட்டார்கள். இன்ஸ்டால் செய்து மூன்று நாள்கள் சும்மா இருக்கும். பிறகு ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க ஒரு பிட்காயின் கேட்கும். சில நாள்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு முறையும் இப்படி நடந்தது.

இதற்கெல்லாம் பயந்து கம்ப்யூட்டரை மூடி வைக்க முடியாது. கல்யாண போட்டோக்கள், ஆவணங்கள் போன்றவற்றைத் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். அன்று அத்தை வீட்டில் புது சாஃப்ட்வேரைப் போடும் முன்பு மருமகன் செய்த வேலை அதுதான்.

போட்ட பிறகு பார்க்க வேண்டியவை

• கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே டோரன்ட்டும் தானாகத் திறக்கும்படி இருந்தால், அதை நிறுத்திவிடுங்கள். தேவைப்படும்போது திறந்தால் போதும்.

• அப்லோடு வேகத்துக்கு வரம்பு வையுங்கள். இல்லையென்றால் வீட்டில் மற்றவர்களின் வீடியோ கால் திணறும். மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற இன்டர்நெட் பிளானாக இருந்தால், அப்லோடும் அந்தக் கணக்கில் சேரக்கூடும்.

• வேறு கம்ப்யூட்டரிலிருந்து இயக்குவதற்கான 'வெப் யூ.ஐ' வசதி வீட்டுக்குத் தேவையில்லை. அணைத்தே வையுங்கள்.

• புத்தகம் அல்லது வீடியோ என்று நினைத்து இறக்கியது 'டாட் இ.எக்ஸ்.இ' என்று முடிந்தால் திறக்காதீர்கள். அது புத்தகமும் அல்ல, படமும் அல்ல.

படம் இறக்கலாமா?

பலருக்கும் இருக்கும் கேள்வி இது. டோரன்ட் சாஃப்ட்வேர் வைத்திருப்பது குற்றம் அல்ல. லினக்ஸ் மின்ட், உபுண்டு, லிப்ரே ஆபீஸ் போன்றவற்றைத் தருபவர்களே டோரன்ட் வழியாகவும் தருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2012-லிருந்து தன்னிடம் உள்ள லட்சக்கணக்கான தொகுப்புகளுக்கு டோரன்ட் வசதி கொடுக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக அங்கே இருக்கின்றன.

ஆனால், புதுப் படத்தை இறக்குவது வேறு கதை. டோரன்ட்டில் இறக்கும்போதே, நம்மிடம் வந்த துண்டுகள் மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும். அதாவது, பார்ப்பவர் மட்டும் அல்ல, விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறோம். தெரிந்தே காப்புரிமையை மீறினால், காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

'கொலவெறி' பாடலால் பிரபலமான '3' படம் நினைவிருக்கிறதா? 2012-ல் அந்தப் படத்தின் தயாரிப்புத் தரப்பு, சென்னை உயர் நீதிமன்றத்தில் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகத் தடை உத்தரவு பெற்றது. அதைத் தொடர்ந்து இன்டர்நெட் நிறுவனங்கள் டோரன்ட் தளங்களோடு, விமியோ போன்ற வீடியோ தளங்களையும் மொத்தமாக முடக்கின. முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் முடக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழி வேறு, அதில் போகும் சரக்கு வேறு என்பதுதான் அதன் பொருள்.

விட்ட இடத்திலிருந்து...

மதியச் சாப்பாடு முடிந்ததும், அத்தையே உட்கார்ந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் தன் புத்தகத்தைத் தேடி எடுத்தார். டவுன்லோடு பட்டியலில் இருந்த 'டோரன்ட்' என்ற வரியைச் சொடுக்கினார். க்யூபிட்டோரன்ட் திறந்தது. முதல் தடவை என்பதால், பகிரும் ஃபைல்களுக்கு நீங்களே பொறுப்பு என்று ஓர் அறிவிப்பைக் காட்டியது. அதை முழுவதும் படித்த பிறகே அத்தை சம்மதம் கொடுத்தார்.

பாதி வந்திருக்கும்போது கரன்ட் போனது. அத்தை மருமகனைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து கரன்ட் வந்ததும், முன்பு நின்ற அதே இடத்திலிருந்து எண்கள் நகர ஆரம்பித்தன.

புத்தகம் முழுவதும் வந்ததும், மருமகன் சாஃப்ட்வேரை மூடப் போனார். அத்தை தடுத்தார்.

"நம்மகிட்ட இருக்கிறது மத்தவங்களுக்கும் போகும்னு சொன்னியே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்ப்பா. ஆடிப்பூரத்துக்கு நம்ம ஊர்த் தேரை இழுக்கிறப்போ, நம்ம வீட்டு வாசலைத் தாண்டிடுச்சுன்னு வடத்தை விட்டுட்டா வர்றோம்?"

சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறும்போது மருமகனின் கையில் அரை கிலோ பால்கோவா இருந்தது. கூடவே, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வா, பென்டிரைவ்ல எப்படிப் போடுறதுன்னு சொல்லித் தா" என்ற உத்தரவும்.