காந்தமும் மனப்பாடமும்

நமது பள்ளிக்கூடங்களில் காந்தம் என்று ஒரு பாடம் நடத்தப்படுகிறது. காந்தத்தைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டு. அதன் கோடுகள் வட துருவத்தில் புறப்பட்டுத் தென் துருவத்தில் சேரும் என்று உபாத்தியாயர் சொல்ல, பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மார்க்கும் கிடைத்து விடுகிறது. ஆனால், அதைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்? காணாததைப் பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒப்பிக்கிற இந்தப் படிப்புக்கும், பொருள் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இதைக் காட்டப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் தெரு மணலில் இழுத்தால் கருந்துகள் ஒட்டிக் கொண்டு வரும். காகிதத்தைப் பிரித்தால் உதிர்ந்து விடும். பிறகு காந்தத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து, அத்துகளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டினால், துகள்கள் வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். ஒரு சிறு திசைகாட்டியைக் காந்தத்தருகில் வைத்து, முள் நுனி காட்டும் இடத்தில் புள்ளியிட்டு, அப்புள்ளிக்குத் திசைகாட்டியை நகர்த்தி, மறுபடியும் புள்ளியிட்டு இணைத்து வந்தால், பிள்ளைகள் தாங்களே கோடு வரைந்து விடுவார்கள். கோடு என்பது நூல் மாதிரி அங்கே கிடக்கும் பொருளல்ல, திசையைக் குறிக்க நாம் வரையும் அடையாளமே என்பதும் அப்போதுதான் விளங்கும்.

நிற்க, இக்கோடுகளை உலகத்திற்கு விளக்கிக் காட்டிய மைக்கேல் பாரடே யார்? 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகியவர். உயர்ந்த கணிதம் படியாதவர். அவர் இரும்புத் தூளையும் கம்பியையும் கையால் தொட்டுப் பார்த்தே கண்டறிந்தார். 1831-ல் அவர் கண்ட உண்மையினால்தான் இன்று மின்சார உற்பத்தி நடக்கிறது. கையால் உழைப்பவன் கீழ், வாயால் ஒப்பிப்பவன் மேல் என்ற வர்ணாசிரம நாட்டில் பிறந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்?

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள். ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் இல்லாததன் பலனையும் பாருங்கள். வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுத்து விடும் என்று, பழைய மூட நம்பிக்கைக்கு விஞ்ஞான வேஷம் போட்டுப் படித்தவர்களே பேசுகிறார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு ஆணியிலுள்ள இரும்பைப் போன்றதல்ல. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு. அதற்குள் படுத்தவர்கள் இரத்தம் இழுபடாமல் எழுந்து வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ம் வருஷத் திருத்தத்தால் அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. எழுதினால் போதுமா? காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தானே சோதித்துப் பார்த்த பிள்ளை, நாளைக்கு யார் எதைச் சொன்னாலும் "காட்டு பார்ப்போம்" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் பகுத்தறிவு.