பித்தளைக்குள் மறைந்த நோய்

பித்தளை துருப்பிடியாது என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. இரும்பைப்போல் அது துருவேறுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் அதற்கும் ஒரு நோய் உண்டு. திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினத்தில் வாழ்வோர் அதனை அறிந்திருத்தல் நன்று.

பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். உப்பு மிகுந்த நீரோ, அசையாது தேங்கிய வெந்நீரோ அதனை நெடுங்காலம் தொட்டுக்கொண்டிருக்குமாயின் நாகம் மெல்லக் கரைந்து வெளியேறும். செம்பு மட்டும் நுண்துளைகளோடு எஞ்சும். உருவமும் அளவும் மாறா. மஞ்சள் நிறம் சிவக்கும். அச்சிவப்பும் பெரும்பாலும் உட்புறத்திலேயே தோன்றுவதால், பொருத்து கசியும்வரை அல்லது முறியும்வரை நாம் ஒன்றும் அறியோம். இதனை 'நாகநீக்கம்' எனலாம்.

1957 வரை இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படைக்கு இது பழம்பகை. கப்பல்களில் நீராவியைக் குளிர்விக்கும் குழாய்களுள் கடல்நீரன்றோ ஓடுகிறது! அவற்றுக்கென 70 பங்கு செம்பு, 29 பங்கு நாகம், 1 பங்கு வெள்ளீயம் சேர்த்த கலவை, அக்கடற்படைத் தலைமையகத்தின் பெயராலேயே 'அட்மிரால்டிப் பித்தளை' எனப்பட்டது. வெள்ளீயம் நோயைத் தணித்ததேயன்றித் தடுக்கவில்லை. பின்னர் மிகச் சிறிதளவு ஆசனிக்குச் சேர்த்தபோதே நற்பயன் கிட்டிற்று.

வீட்டுக் குழாய்ப் பொருத்துக்களுக்கும் இன்று அம்முறை கைக்கொள்ளப்படுகிறது. ஆனால் நாகம் 40 பங்கை நெருங்கும் சாதாரணப் பித்தளையில் இருவகைப் பளிங்குகள் உள. நாகம் மிகுந்த வகையை ஆசனிக்குக் காவாது. ஆதலின் செம்பைக் கூட்டி, சூட்டினால் பதப்படுத்தி அவ்வகையைக் குறைக்கின்றனர். ஐ.எஸ்.ஓ. 6509 என்னும் சர்வதேச நியமப்படி, மாதிரித் துண்டை 75 பாகை சென்ரிகிரேட்டு வெப்பமுள்ள செப்புக் குளோரைட்டுக் கரைசலில் 24 மணி நேரம் வைப்பர். பின் அதனை அறுத்து, நாகம் நீங்கிய ஆழத்தை நுணுக்குக்காட்டியால் அளப்பர்.

கந்தளாய்க் குளத்து நீரைக் குழாய்வழிப் பெறும் வீட்டுக்கும், கடலோரக் கிணற்றை நம்பிய வீட்டுக்கும் ஒரே பொருத்துப் போதுமெனக் கொள்ளலாகாது. கிணற்று நீர் உவர்க்குமிடத்தில், சிறப்பாகச் சுவரினுள் பதிப்பனவற்றை, நாகநீக்கத்தைத் தாங்குபவையா எனக் கேட்டே வாங்குதல் வேண்டும். 'டி.இஸட்.ஆர்.' என்னும் குறி அதற்குரியது. விலை சற்றுக் கூடும்; எனினும், பின்னர்ச் சுவரை இடித்துக் கசிவு தேடும் செலவை நோக்க அது பெரிதன்று. கடையில் பளபளப்பைக் காணலாம். உள்ளிருக்கும் கலவையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.