நடிக்கப் போனவர் எடுத்த படம்

ரீமா தாஸ் மும்பைக்குப் போனது நடிகையாவதற்காக. அஸ்ஸாமில் கலர்தியா என்கிற கிராமத்துக்காரர். பிரேம்சந்தின் 'கோதான்' நாடகமாக மேடையேறியபோது அதில் நடித்தார். நினைத்த சினிமா வாய்ப்பு வரவில்லை. பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, ஸ்டில் படமும் எடுக்கக்கூடிய ஒரு கேனான் டிஜிட்டல் காமிராவோடு, கிராமத்துப் பிள்ளைகளை வைத்து 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' (2017) எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே. 2018இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுதான்.

இந்தக் கதையைக் கேட்டதும் பலரும் விசாரிப்பது காமிராவின் மாடலைத்தான். நாட்கணக்கை விசாரிப்பவர்கள் குறைவு. படப்பிடிப்பு சுமார் 150 நாட்கள் நடந்தது, அதுவும் சில ஆண்டுகளில் விட்டு விட்டு. வாடகைக் காமிரா, விளக்குகள், வேன், சாப்பாடு, பேட்டா என்று ஒரு யூனிட்டைக் கட்டிக்கொண்டு 150 நாள் எடுத்தால் சின்னத் தயாரிப்பாளர் வீட்டை விற்க வேண்டியதுதான். ரீமாவுக்கு இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை கிடையாது. ஊர் சொந்த ஊர். நடித்த பிள்ளைகள் உறவும் அக்கம்பக்கமும். வெளிச்சம் சூரியனுடையது. அதனால் மழைக்கும் வெள்ளத்துக்கும் காத்திருக்க முடிந்தது. படத்தில் வயல்களை மூழ்கடிக்கும் வெள்ளம் நிஜ வெள்ளம். அதை செட் போட்டு எடுப்பதென்றால் படத்தின் மொத்த பட்ஜெட்டும் ஒரு காட்சிக்குப் போதாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ராத்திரி மழையில் ஒரு துரத்தல் என்று எழுதி முடித்துவிட்டுப் பணத்தை எண்ணுகிறார்கள். ராத்திரி என்றால் விளக்கும் ஜெனரேட்டரும். ஆஸ்பத்திரி என்றால் அனுமதியும் வாடகையும். கேட்காமலே கிடைக்கும் இடங்கள் எவை, சம்பளமில்லாமல் ஆறு மாதம் கழித்தும் அதே தலைமுடியோடு வந்து நிற்கக்கூடிய முகங்கள் எவை என்று முதலில் ஒரு பட்டியல் போட்டு, அதற்குள் கதை தேடுவது புத்திசாலித்தனம். தெர்மகோலில் செய்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு பையன்கள் ஆடிப் பாடியதைப் பார்த்தபோதுதான் ரீமாவுக்குத் தன் கதை கிடைத்தது.

வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கு என்று உசுப்பேற்றும் நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'யை (1955) ஆரம்பித்தபோது விளம்பரக் கம்பெனி வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில் எடுத்தார். நாணல் பூத்த வயலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூ சீசன் வரை காத்திருந்தார். மாதச் சம்பளம் இருந்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படியும் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துத்தான் படம் முடிந்தது.

பலரிடம் சிறு தொகை வசூலிப்பதும் புதிதல்ல. 'மந்தன்' (1976) படத்துக்குக் குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு ரூ. 2 தந்தார்கள். கன்னடத்தில் பவன் குமாரின் 'லூசியா' (2013) இணையம் மூலம் திரட்டிய பணத்தில் உருவானது. கொடுப்பது நன்கொடையா, லாபத்தில் பங்கா என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படம் ஓடினாலும் சண்டை, ஓடாவிட்டாலும் சண்டை என்கிற நிலை இதில்தான் வரும்.

காமிரா மலிவாகிவிட்ட பிறகும் மலிவாகாதது ஒலி. கொஞ்சம் மங்கலான காட்சியை ரசிகன் மன்னிப்பான். வசனம் புரியாவிட்டால் எழுந்து போவான். 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' பெற்ற நான்கு தேசிய விருதுகளில் ஒன்று படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கானது. பெற்றவர் ரீமாவின் உறவுப் பெண் மல்லிகா தாஸ். காமிராவில் இருக்கும் மைக்கை நம்பாமல் தனி மைக், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஓர் ஆள், எடுக்கும்போது நிறுத்தப்பட்ட மின்விசிறி, கிளம்பும் முன் அந்த இடத்தின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வது. இவ்வளவு செய்தாலே பிறகு டப்பிங் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

காகிதங்கள் அலுப்பூட்டும். ஆனால் முடிந்த படத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவை அவைதான். கதையில் ஆடோ மாடோ நடித்தால் தணிக்கைக்கு முன் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று தேவை. (சென்னையிலிருந்த அதன் தலைமையகம் 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது.) டீக்கடை ரேடியோவில் தற்செயலாக ஒலிக்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் உரிமைக்காரர் உண்டு, அனுமதி இல்லாவிட்டால் படத்தை வாங்க யோசிப்பார்கள். குழந்தைகள் நடித்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். படப்பிடிப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து இவற்றைத் தேடி ஓடுவது நடக்கிற காரியமல்ல.

திரைப்பட விழாக்களிலும் கவனம் தேவை. மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் பரிசு வழங்கும் இணைய 'விழா'க்கள் நுழைவுக் கட்டணத்தில் பிழைப்பவை. அவற்றின் சான்றிதழ்களை வாங்கி போஸ்டரில் ஒட்டலாம், வேறு பயன் இல்லை. பெரிய விழாக்களில் பல, தங்களிடமே முதல் திரையிடல் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆர்வத்தில் யூட்யூபில் போட்டுவிட்ட படத்துக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். கோவாவில் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜாருக்கு, பாதி முடிந்த படத்தோடு போனாலும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆட்கள் உண்டு.

நடிக்க விரும்புபவர்களின் சங்கடம் வேறு மாதிரி. மும்பை வெர்சோவாவில் ஆராம் நகர் என்ற இடத்தில் ஆடிஷன் அறைகளின் வாசலில் காலையிலிருந்து வரிசை நிற்கிறது. அங்கே போகும் எவரும் முதலில் அறிய வேண்டியது, ஆடிஷனுக்குப் பணம் கேட்பவர் மோசடிப் பேர்வழி என்பதை. பதிவுக் கட்டணம், உடைக் கட்டணம், சங்க அட்டை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ஆல்பத்தைவிட, வெற்றுச் சுவரின் முன் ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த இரண்டு நிமிட நடிப்பு அதிகம் சொல்லும். நவாஸுதீன் சித்திகி தேசிய நாடகப் பள்ளியில் படித்து முடித்தது 1996இல். நாடு கவனித்தது 2010இன் 'பீப்ளி லைவ்', 2012இன் 'கேங்ஸ் ஆஃப் வாஸிப்பூர்' படங்களுக்குப் பிறகு. நடுவே சில வினாடிகள் மட்டுமே வந்துபோகும் வேடங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' (2014) வெனிஸில் இரண்டு பரிசுகள் வாங்கிய படம். அதில் பிரதிவாதி வக்கீலாக வரும் விவேக் கோம்பர்தான் அதன் தயாரிப்பாளர். கையில் ஸ்கிரிப்டே இல்லாதபோது, எழுதி முடிக்கும்வரை இயக்குநருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வந்தவர் இந்த நடிகர்.